கலைப் பாடத்தில் பட்டம்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, படிக்கும் காலத்தில் எதைச் சேர்த்துக்கொள்வது?

பதிவு 1 | வாசற்படி

பள்ளிப் படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். வரலாறு, இலக்கியம், மெய்யியல், மொழியியல் ஆகிய நான்கில் ஒன்றில் இளங்கலைப் பட்டம் பெற வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. நான்கில் எது என்பதில்தான் பல மாதங்களாகத் தெளிவு பிறக்கவில்லை. நான்குமே பிடிக்கும் என்று சொல்லிவிடலாம். ஆனால், பிடிக்கும் என்ற ஒரு சொல்லை நம்பி மூன்று நான்கு ஆண்டுகளைக் கொடுத்துவிட அச்சமாக இருக்கிறது.

"படித்து முடித்துவிட்டு என்ன செய்வாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அதை நான் ஏளனமாக எடுத்துக்கொள்ளவில்லை. நியாயமான கேள்விதான், என்னிடம்தான் விடை இல்லை. ஆசிரியப் பணியைத் தவிர வேறு என்னென்ன வேலைகள் உண்டு, அவற்றுக்குப் பட்டம் மட்டும் போதுமா, போதாதென்றால் படிக்கும்போதே எதைச் சேர்த்துக் கற்க வேண்டும் என்பவற்றை இத்துறைகளில் இருப்பவர்களிடமிருந்து அறிய விரும்புகிறேன். மனத்துக்குப் பிடித்ததைச் செய், மற்றவை தானே வரும் என்ற அறிவுரையை ஏற்கெனவே நிறையக் கேட்டுவிட்டேன். அதை மட்டும் தவிர்த்து எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2 | பழையஏடு

தம்பி, நான் 22 ஆண்டுகளாக ஆவணக் காப்பகத்தில் பணிபுரிகிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: பாடத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அந்தப் பாடத்தில் ஒரு சாதாரண நாளில் உட்கார்ந்து என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வரலாறு பிடிக்கும் என்பவர்களில் பலருக்கு உண்மையில் பிடித்திருப்பது கதை. கதை பிடிப்பது குற்றமில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தில் வரலாறு என்பது, ஒரே நிகழ்வைப் பற்றி ஒன்றுக்கொன்று முரண்படும் நான்கு சான்றுகளை வைத்துக்கொண்டு, எது எதற்காக எழுதப்பட்டது, எழுதியவருக்கு அது எப்படித் தெரிந்தது, எதைச் சொல்லாமல் விட்டார் என்று நாள்கணக்கில் துருவிக்கொண்டிருக்கும் வேலை.

ஓர் எடுத்துக்காட்டு. கான்ஸ்டன்டைன் பேரரசர் மேற்குப் பகுதிகளின் ஆட்சியுரிமையைத் திருத்தந்தைக்கு எழுதிக்கொடுத்ததாக ஓர் ஆவணம் நெடுங்காலம் செல்லுபடியாகி வந்தது. அது போலி என்று 1440இல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் வாதிட்டு நிறுவினார். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லிக்கொள்ளும் அந்த ஆவணத்தில், உரோமின் பெரியவர்களைக் குறிக்கும் இடத்தில் "சத்ராப்" என்ற சொல் வருகிறது. அது பாரசீக ஆளுநர்களுக்குரிய பெயர். அக்கால உரோம அரசாவணத்தில் அதற்கு என்ன வேலை என்று அவர் கேட்டார். இலத்தீனின் போக்கையும் அதன் காலத்தையும் உணர்ந்த ஒருவர், ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓர் அதிகாரக் கோரிக்கையையே அசைத்துவிட்டார். இதைப் படிக்கும்போது "அந்தச் சொல்லை அவர் எப்படிக் கண்டுபிடித்தார்?" என்ற கேள்வி உங்களுக்கு எழுந்தால் வரலாறும் மொழியியலும் உங்களுக்கு ஒத்துவரும். "பிறகு திருத்தந்தை என்ன செய்தார்?" என்பதில்தான் ஆவல் என்றால், இலக்கியத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்களுக்குத் தெரிந்த ஏதேனும் ஒரு நிகழ்வை எடுத்து, அதைப் பற்றி வெவ்வேறு நோக்கத்தோடு எழுதப்பட்ட மூன்று குறிப்புகளைத் தேடிப்பிடியுங்கள். அவை எங்கே, ஏன் வேறுபடுகின்றன என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். என்ன நடந்தது என்று எழுத வேண்டாம். ஏன் வேறுபடுகின்றன என்பதை மட்டும் எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் சலிப்பு வருகிறதா, பசி மறக்கிறதா என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

ஆசிரியப் பணியைத் தவிர என்னென்ன வேலைகள் உண்டு என்றும் கேட்டிருக்கிறீர்கள்; எனக்குத் தெரிந்த காப்பகப் பணியைப் பற்றிச் சொல்கிறேன். இளங்கலைப் பட்டம் மட்டும் இங்கே போதுவதில்லை. ஆவணவியலிலோ தகவல் அறிவியலிலோ மேற்பயிற்சி தேவைப்படும். ஓரிடத்திலிருந்து வந்த ஆவணங்களை மற்றோரிடத்து ஆவணங்களோடு கலக்கக் கூடாது, அவை வந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்பவை இத்தொழிலின் அடிப்படை விதிகள். முதல் விதி பிரான்சில் 1841இலேயே எழுத்தில் வந்துவிட்டது. இன்று எங்கள் நேரத்தில் பெரும்பகுதி, திறக்க முடியாத பழைய கணினிக் கோப்புகளோடு போராடுவதிலேயே கழிகிறது. தூசி படிந்த தாளின் மணத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது சற்று ஏமாற்றம்தான்.

பதிவு 3 | கணக்கன்

கூட்டம் சேர்ந்து கைதட்டுவதற்குள் எதிர்த்தரப்பு ஒன்றையும் வைத்துவிடுகிறேன். நான் ஒரு நடுத்தர நிறுவனத்தில் பதினைந்து ஆண்டுகளாக ஆளெடுப்புப் பொறுப்பில் இருப்பவன். கலைப் பட்டதாரிகளுக்கு எதிரியல்ல, பலரை நானே வேலைக்கு எடுத்திருக்கிறேன்.

இத்தகைய விவாதங்களில் வழக்கமாக இரண்டு சான்றுகள் வந்து நிற்கும். லிங்க்டின் நிறுவனர்களில் ஒருவரான ரீட் ஹாஃப்மன் மெய்யியல் படித்தவர், அலுவலகச் செய்திப் பரிமாற்றச் செயலியான ஸ்லாக்கை நிறுவிய ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் மெய்யியல் படித்தவர் என்பது முதலாவது. உண்மைதான், ஆனால் மெய்யியல் படித்து நிறுவனம் எதையும் தொடங்காதவர்களின் பட்டியலை யாரும் வெளியிடுவதில்லை. மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.ஈ. தேர்வின் மொழித்திறன் பகுதியிலும் எழுத்துப் பகுதியிலும் மெய்யியல் மாணவர்கள் பிற துறையினரைவிட உயர்ந்த சராசரி பெறுகிறார்கள் என்பது இரண்டாவது. அதுவும் உண்மைதான். ஆனால் மெய்யியல் அவர்களைக் கூர்மையாக்கியதா, கூர்மையானவர்கள் மெய்யியலைத் தேடிப் போனார்களா என்பதை அந்த மதிப்பெண் சொல்வதில்லை.

என் அனுபவத்தில், கலைப் பட்டதாரியின் சிக்கல் திறமைக் குறைவு அல்ல. கணக்கியல் படித்தவர் உள்ளே வரும்போதே எந்த நாற்காலியில் உட்காருவார் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. வரலாறு படித்தவர் எங்கே உட்காருவார் என்பதை அவரே எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, பெரும்பாலோர் சொல்வதில்லை. "எனக்குத் திறனாய்வுச் சிந்தனை உண்டு" என்கிறார்கள். எதைத் திறனாய்ந்தீர்கள் என்று கேட்டால் மௌனம். எனவே முதல் வேலை கிடைக்கச் சற்றுத் தாமதமாகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, அத்தாமதத்தைத் தாங்கும் அளவுக்கே கடன் வாங்குங்கள். பெரிய கடனோடு கலைப் பட்டம் பெறுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதே பாடம் செலவு குறைந்த இடத்தில் கிடைக்கும் என்றால், பெயர் சற்றுக் குறைவாக இருந்தாலும் அங்கே போவதே நல்லது.

பதிவு 4 | ஏனெனில்

கணக்கன் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். மெய்யியலில் முதுகலை முடித்தவன் நான். தற்போது ஒரு பொது அமைப்பில் கொள்கை வரைவுப் பிரிவில் வேலை. சேர்வதற்கு முன் ஏறத்தாழ ஓராண்டு வேலையின்றி இருந்தேன். அவர் குறிப்பிட்ட அந்த மௌனத்தை நேர்காணல்களில் நானே சாதித்திருக்கிறேன்!

பின்னர் எனக்கு வேலை கொடுத்தது திறனாய்வுச் சிந்தனை என்ற பெயர் அல்ல, ஒரு பழக்கம். முதலாண்டில் எங்கள் ஆசிரியர் ஒருவர், நாங்கள் மறுக்க விரும்பும் கருத்தை முதலில் அதன் ஆதரவாளரே "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று தலையாட்டும்படி ஒரு பத்தியில் எழுதிக் காட்டச் சொல்வார்; அதில் தேறிய பிறகுதான் மறுப்பு எழுத அனுமதி. நம் பழைய உரையாசிரியர்கள் பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்து, அதன் பிறகே மறுத்ததும் இதே ஒழுங்குதான். இன்று நான் செய்வது, ஒரு விதிமுறைக்கு வந்த நூற்றுக்கணக்கான ஆட்சேபங்களைப் படித்து, அவற்றில் உண்மையில் வேறுபட்ட வாதங்கள் எத்தனை என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் வலுவான வடிவில் இரண்டு வரிகளில் மேலிடத்துக்குத் தருவது. நேர்காணலில் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்து இதைத்தான் செய்யச் சொன்னார்கள்.

மெய்யியலை எண்ணுகிறவர்கள் முறையளவையியலை, அதாவது வாதங்களின் வடிவத்தைக் குறியீடுகளால் ஆராயும் தருக்கத்தை, முதலாண்டிலேயே எடுத்துவிடுவது நல்லது. அது கணக்குப்போல இருக்கும்; பலர் அஞ்சி ஒதுங்குவார்கள். சட்டம், கணினி, மொழியியல் என எந்தப் பக்கம் பின்னர் திரும்பினாலும் அது பயன்படும். பொருளியலையோ அரசியலையோ இணைத்துப் படிக்கும் திட்டம் கிடைத்தால் அதையும் பாருங்கள். மெய்யியலையும் அரசியலையும் பொருளியலையும் ஒரே பட்டமாக்கும் ஏற்பாட்டை ஆக்ஸ்ஃபோர்டு 1920இலேயே தொடங்கிவிட்டது, பின்னர் பல நாடுகளில் அது பரவியது.

பதிவு 5 | இருகரை

மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் சில செய்திகள். இத்தொழிலுக்கு மொழிபெயர்ப்பில்தான் பட்டம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மொழிபெயர்ப்புச் சேவைக்கான உலகத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 17100 மூன்று வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது: மொழிபெயர்ப்பில் பட்டம்; அல்லது வேறெந்தத் துறையிலும் பட்டத்தோடு இரண்டு ஆண்டு முழுநேர அனுபவம்; அல்லது ஐந்து ஆண்டு முழுநேர அனுபவம். ஆகவே வரலாறு படித்துக்கொண்டே ஒருவர் இங்கே வரலாம். உண்மையில், மொழி மட்டும் தெரிந்தவரைவிட, மொழியோடு மருத்துவமோ சட்டமோ தெரிந்தவருக்கே நிலையான வேலை கிடைக்கிறது.

எந்திர மொழிபெயர்ப்பு எங்கள் வேலையை மாற்றிவிட்டது, இதில் மறைக்க ஒன்றுமில்லை. எந்திரம் தந்த வரைவைத் திருத்தும் பணி பெருகியிருக்கிறது. அதற்குத் தனியே ஐ.எஸ்.ஓ. 18587 என்ற தரநிலையும் 2017இல் வந்துவிட்டது. அந்தப் பணிக்கு ஊதியம் குறைவு, அலுப்போ அதிகம். சரளமாக ஓடும் தவறான வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது, தடுமாறும் தவறான வாக்கியத்தைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம். ஒப்பந்தம், மருந்துக் குறிப்பு, நீதிமன்ற ஆவணம் போன்றவற்றில் தவறுக்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர் தேவைப்படுவதால் அங்கே இன்னும் இடம் இருக்கிறது. பொதுவான இணையப் பக்கங்களை மொழிபெயர்த்து வாழலாம் என்ற எண்ணத்தோடு மட்டும் இப்போது வராதீர்கள்.

எந்தத் துறையைத் தேர்ந்தாலும் மேலும் ஒரு மொழியை, படித்துப் பொருள் கொள்ளும் அளவுக்காவது கற்றுவிடுங்கள். எகிப்தியச் சித்திர எழுத்தை 1822இல் படித்துக் காட்டிய ஷாம்போலியோன், இளவயதிலேயே காப்டிக் மொழியை விரும்பிக் கற்றவர். பழைய எகிப்திய மொழியின் கடைசி வடிவம் அது என்பதால், பின்னாளில் அவர் கையில் திறவுகோல் இருந்தது. நம்மிடமும் உ.வே.சாமிநாதையர், தமிழ் முழுதும் கற்றிருந்தும், சீவக சிந்தாமணியின் சமணக் கருத்துகள் விளங்காமல் சமணரிடமே சென்று கேட்டுத் தெளிந்த பிறகுதான் 1887இல் அதைப் பதிப்பித்தார். சிந்தாமணிக்கு அகராதி மட்டும் போதியிருந்தால் அந்த அலைச்சலே இருந்திருக்காது.

பதிவு 6 | ஒலியன்

மொழியியல் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். மொழியியல் என்றால் பல மொழி பேசுவது என்று எண்ணிச் சேர்ந்து, முதல் பருவத்தில் ஒலிகளின் அலைவடிவத்தையும் வாக்கியங்களின் கிளைப்படத்தையும் பார்த்துத் திகைத்தவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். கலைப் பாடங்களில் அறிவியலுக்கு மிக அருகில் இருப்பது இதுதான். அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்ற பேச்சொலி ஆய்வு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் குரலில் "பல்", "பள்", "பழ" என்று பதிவு செய்து, ல, ள, ழ மூன்றும் திரையில் எப்படி வேறுபடுகின்றன என்று ஒரு மாலை முழுவதும் பாருங்கள். அந்த மாலை இனிமையாகக் கழிந்தால் சேருங்கள்.

பட்டத்தோடு கணினியும் கற்றுக்கொள் என்று எல்லாரும் சொல்வார்கள். எதற்காக என்பதைச் சொல்ல மாட்டார்கள். அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து 1787, 1788ஆம் ஆண்டுகளில் புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகளில் 12 கட்டுரைகளை எழுதியவர் ஹாமில்டனா மேடிசனா என்ற வழக்கு நெடுங்காலம் இருந்தது. மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் சாதாரண இடைச்சொற்களின் பயன்பாட்டு விகிதத்தைக் கணக்கிட்டு, மேடிசனே என்று 1964இல் விரிவாக நிறுவினார்கள். ஒரே பொருளுடைய இரண்டு ஆங்கில இணைப்புச் சொற்களில் ஹாமில்டன் ஒன்றையும் மேடிசன் மற்றொன்றையும் பயன்படுத்தும் வழக்கமுடையவர்கள் என்ற துப்பை அவர்களுக்குக் கொடுத்தவர் டக்ளஸ் அடேர் என்ற வரலாற்றாசிரியர். அவர் கண்ணில் பட்டதைத்தான் இவர்கள் எண்ணினார்கள். நிரலாக்கம் கற்பதற்கு முன், எதை எண்ண வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் வாசிப்பு உங்களுக்கு வேண்டும். அது இல்லாமல் இரண்டு மாதச் சான்றிதழ் ஒன்றைச் சேர்த்துக்கொள்வதால் ஒன்றும் ஆகாது.

கணினியே இல்லாத காலத்திலும் இதைச் செய்தவர்கள் உண்டு. ஆலிஸ் கோபர் என்ற கல்லூரி ஆசிரியை, லீனியர் பி என்ற பண்டைய எழுத்தின் குறிகளை ஏறத்தாழ 1,80,000 அட்டைகளில் குறித்து வரிசைப்படுத்தினார். போர்க்காலத்தில் தாள் கிடைக்காததால் பழைய காகிதங்களைக் கையால் வெட்டிச் சிகரெட் பெட்டிகளில் அடுக்கி வைத்தார். 1950இல் அவர் மறைந்தார். 1952இல் அந்த எழுத்தைப் படித்தவர் மைக்கேல் வென்ட்ரிஸ். வென்ட்ரிஸின் தொழில் கட்டடக் கலை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். பட்டம் ஒருபுறமும் ஆர்வம் மறுபுறமும் இருப்பது பெருங்கேடு ஒன்றுமில்லை.

பதிவு 7 | வாசற்படி

அனைவருக்கும் நன்றி. பழையஏடு ஐயா சொன்ன பயிற்சியைத் தொடங்கியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாலம் இடிந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன். ஒரு நாளிதழ்ச் செய்தி, விசாரணைக் குழுவின் அறிக்கை, பின்னாளில் ஒரு பொறியாளர் எழுதிய நினைவுக் குறிப்பு ஆகிய மூன்றும் கிடைத்திருக்கின்றன. பிராட் மென்பொருளில் என் ழகரத்தையும் பார்த்தேன். வியப்பாக இருந்தது, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார இயலவில்லை. இதையும் ஒரு விடையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முனைவர் பட்டம் வரை செல்வதைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டுமா? அப்படியானால் இளங்கலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதிவு 8 | அடிக்குறிப்பு

முனைவர் பட்டம் முடித்து, நிரந்தரப் பணியிடத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்து, இறுதியில் பதிப்பகத்துறைக்கு வந்தவள் என்ற தகுதியில் எழுதுகிறேன். இப்போதே முடிவு செய்ய வேண்டாம். கதவைச் சாத்திவிடாமல் இருந்தால் போதும்.

காலக் கணக்கு நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் மூன்று நான்கு ஆண்டுகளில் முடிக்க எதிர்பார்ப்பார்கள்; அமெரிக்காவில் பாடங்களும் தகுதித் தேர்வும் சேர்ந்திருப்பதால் ஆறு ஏழு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆவது இயல்பு. அதன் பின் கிடைக்கும் பல்கலைக்கழகப் பணியிடங்கள் பட்டம் பெறுவோரின் எண்ணிக்கையைவிட மிகக் குறைவு. ஆகவே உதவித்தொகை இல்லாமல், கைப்பணம் செலவழித்துக் கலைப் பாடத்தில் முனைவர் ஆய்வில் சேராதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஊதியத்தோடு ஆராய வாய்ப்பு வந்தால், பின்னால் பேராசிரியர் வேலை கிடைக்காவிட்டாலும், அந்த ஆண்டுகள் வீண்போவதில்லை, எனக்கு வீண்போகவில்லை.

மேற்படிப்பு விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்கு நிகராகப் பார்க்கப்படுவது நீங்கள் எழுதிய ஒரு கட்டுரை. பல இடங்களில் 15 முதல் 25 பக்கம் வரை கேட்பார்கள். அதை விண்ணப்பிக்கும் மாதத்தில் எழுத முடியாது. இரண்டாம் ஆண்டில் நீங்கள் எழுதும் கட்டுரைகளில் ஆசிரியர் அதிகமாகச் சிவப்பு மையால் கீறிய ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றாம் ஆண்டில் அதை மறுபடி எழுதுங்கள். பாராட்டப்பட்டதை எடுக்காதீர்கள், அதில் வளர இடமிருக்காது. பரிந்துரைக் கடிதமும் அவ்வாறே. உங்கள் முகம் மட்டும் தெரிந்த புகழ்பெற்ற பேராசிரியரின் நான்கு வரிகளைவிட, உங்கள் வரைவுகளைத் திருத்திக்கொடுத்த இளைய ஆசிரியரின் ஒரு பக்கம் மதிப்புடையது. ஏனெனில் அவரால் எடுத்துக்காட்டோடு எழுத முடியும்.

பதிப்பகத்தைப் பற்றி ஒரு வரி: மெய்ப்புத் திருத்தம், பொருளடைவு (நூலின் இறுதியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் அகரவரிசைப் பட்டியல்) தயாரித்தல், உரிமை அனுமதி பெறுதல் ஆகியவற்றை மாணவராக இருக்கும்போதே கல்லூரி இதழில் பழகலாம். பொருளடைவு தயாரிக்கத் தெரிந்த இளைஞரை நான் இன்றுவரை இருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

பதிவு 9 | கணக்கன்

அடிக்குறிப்பு அம்மையார் கடைசியில் சொன்னதுதான் நான் முதலிலேயே சொல்ல வந்தது. வரலாற்றுப் பட்டம் என்று விண்ணப்பத்தில் ஒரு வரி இருப்பதைவிட, "இந்த 300 பக்க நூலுக்குப் பொருளடைவு தயாரித்தேன், இதோ" என்று ஒரு தாளை என் முன் வைத்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். காப்பகத்தில் விவரப்பட்டியல் எழுதியிருந்தாலும், படத்தின் வசனத்துக்குத் திரையின் அடியில் வரும் எழுத்து வரிகளை அமைத்திருந்தாலும், பத்துப் பேரை நேர்கண்டு எழுத்தாக்கம் செய்திருந்தாலும் அப்படித்தான். ஆண்டுக்கு ஒன்று போதும். ஆனால் முடிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பாதியில் நிற்கும் ஐந்து திட்டங்களை என்னிடம் காட்டாதீர்கள்.

பதிவு 10 | வாசற்படி

இரண்டு பக்கம் எழுதி முடித்தேன்; உண்மையில் ஐந்து பக்கமாகிவிட்டது. நாளிதழ் ஒரு பலி எண்ணிக்கையைச் சொல்கிறது, அறிக்கை அதைவிடக் குறைவாகச் சொல்கிறது. மருத்துவமனையில் பின்னர் இறந்தவர்களை அறிக்கை கணக்கில் எடுக்கவில்லை என்பது அதன் இணைப்புப் பட்டியலைப் பார்த்தபோதுதான் புரிந்தது. பொறியாளரின் நினைவுக் குறிப்பு மிகவும் உருக்கமாக இருந்தது. இடிந்தபோது எழுந்த ஓசையைக்கூட விவரிக்கிறார். ஆனால் அவர் தரும் பணிமாற்றத் தேதியைப் பார்த்தால், இடிவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே வேறு இடத்துக்குச் சென்றுவிட்டார் போலத் தெரிகிறது. இதைக் கண்டபோது இரவு பன்னிரண்டு மணி. வீட்டில் யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

வரலாற்றை முதன்மைப் பாடமாகவும், மெய்யியலைத் துணைப் பாடமாகவும் எடுத்து, செலவு குறைவான இடத்துக்கு முதல் விண்ணப்பம் அனுப்ப வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். அம்மா இந்த இழையை முழுவதும் படித்தார். பதிவு 3ஐ இரண்டு முறை படித்தார்.

பதிவு 11 | பழையஏடு

மகிழ்ச்சி, தம்பி. ஆனால் அந்தப் பொறியாளரைப் பொய்யர் என்று இன்னும் எழுதிவிடாதீர்கள். அங்கே இருந்த யாரோ அவரிடம் அந்த ஓசையைச் சொல்லியிருக்கலாம், ஆண்டுகள் செல்லச்செல்ல அது அவருடைய நினைவாகவே ஆகியிருக்கலாம். விசாரணைக் குழுவின் முன் சாட்சியளித்தோர் பட்டியலை எடுத்து, அவரோடு முன்பு பணிபுரிந்தவர் யாரேனும் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவருடைய வாக்குமூலத்தில் ஓசையைப் பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை இங்கே எழுதுங்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது.